விலை குறைந்த லிப்ஸ்டிக்கும் பிளஷும்: முதன்முதலாக வாங்குபவருக்கு

மேக்கப் பழக ஆசை இருக்கும், ஆனால் நல்லதாக வாங்கப் பெரிய காசு வேண்டுமே என்ற தயக்கமும் கூடவே இருக்கும். உதட்டையும் கன்னத்தையும் பொறுத்தவரை அந்தத் தயக்கம் தேவையில்லை. மருந்துக்கடைத் தட்டில் கிடைக்கும் லிப்ஸ்டிக்கிலும் அடிப்படைச் சரக்கு மெழுகு, எண்ணெய், நிறமி மூன்றும்தான். தேன்மெழுகும் கார்னூபா, கேண்டலில்லா போன்ற தாவர மெழுகுகளும் குச்சிக்கு உருவம் கொடுக்கின்றன. ஆமணக்கெண்ணெய் மாதிரியான எண்ணெய்கள் அதை வழுக்கிப் பரவ வைக்கின்றன. இரும்பு ஆக்சைடுகளும் சில சிவப்புச் சாயங்களும் நிறத்தைத் தருகின்றன. லோரியல் என்ற அழகுசாதனக் குழுமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் விலை கூடிய லான்கோம் பிராண்ட் அதன் கைக்கு வந்தது, 1996இல் மலிவான மேபலின் வந்தது. முன்னது கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஆள் நின்று விற்பது, பின்னது கொக்கியில் தொங்குவது. இரண்டும் ஒரே சரக்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்கெல்லாம் போகிறது என்று பார்த்தால் கனமான டப்பா, வாசனை, காந்த மூடி, விளம்பரம் என்று பட்டியல் நீளும்.

மலிவாக வாங்கி ஏமாந்தேன் என்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால், சரக்கு மோசமாக இருந்திருக்காது. தனக்குச் சேராத நிறத்தை எடுத்திருப்பார்கள், அல்லது பழகாத கைக்குக் கடினமான வகையை எடுத்திருப்பார்கள். ஆகவே கடைக்குப் போகும் முன் யோசிக்க வேண்டியது இந்த இரண்டைத்தான்.

முதலில் கொஞ்சமாக வாங்குங்கள்

ஒரு லிப்ஸ்டிக், கன்னத்துக்கு நிறம் தரும் ஒரு பிளஷ். அவ்வளவுதான். இன்னும் சிக்கனமாகத் தொடங்க நினைத்தால் கிரீம் வகை லிப்ஸ்டிக் ஒன்றே போதும். அதையே விரலில் தொட்டுக் கன்னத்திலும் ஒத்திக்கொள்ளலாம். உதடும் கன்னமும் ஒரே நிறம் என்பதால் பொருத்தம் பார்க்கும் வேலையும் மிச்சம். பல ஷேடுகள் அடங்கிய செட்டுகள் கணக்குப் பார்த்தால் லாபமாகத் தெரியும். வாங்கிய பிறகு இரண்டு ஷேட் தேயும், மீதி அப்படியே கிடக்கும்.

லிப்ஸ்டிக்கைக் கன்னத்துக்கு எடுப்பதைத் திருப்பிச் செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். கன்னத்துக்கென்று விற்கும் பொருளை உதட்டில் பூசும் முன், உதட்டுக்கும் ஆகும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உதட்டில் பூசுவது கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போகும். அதனால் தோலுக்கு அனுமதிக்கப்பட்ட நிறமிகள் எல்லாமே உதட்டுக்கு அனுமதிக்கப்படுவதில்லை. அமெரிக்க விதிகளின்படி அல்ட்ராமரீன் நிறமிகள் இப்படித்தான்: முகத்துக்கு ஆகும், உதட்டுக்கு ஆகாது. லிப்ஸ்டிக்கை எடுத்துக் கண் இமையில் பூசுவதும் வேண்டாம். லிப்ஸ்டிக்கில் வழக்கமாகச் சேர்க்கும் சில சிவப்புச் சாயங்களுக்கு, அதே விதிகளின்படி கண்ணருகே அனுமதி கிடையாது.

எந்த வகை எளிது

உதட்டுக்குப் புதியவர்கள் கிரீம் அல்லது சாட்டின் என்று எழுதியிருப்பதை எடுங்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் ஓரத்தை விரலால் துடைத்துச் சரிசெய்யலாம். காய்ந்த உதட்டிலும் வெடிப்பு அவ்வளவாகத் தெரியாது. சாப்பிட்டால் பாதி போய்விடும், திரும்பப் பூச வேண்டும். அது ஒன்றுதான் குறை.

திரவமாகப் பூசிக் காய்ந்ததும் பளபளப்பில்லாமல் நிற்கும் லிக்விட் மேட் வகைக்குத்தான் எல்லோரும் முதலில் கை நீட்டுவார்கள், நாள் முழுக்க நிற்கும் என்ற வாக்குறுதியால். நீண்ட நேரம் நிற்கும் லிப்ஸ்டிக் மீதான ஆசை பழையதுதான். ஹேசல் பிஷப் என்ற அமெரிக்க வேதியியலாளர், கோப்பையிலும் துணியிலும் ஒட்டாத லிப்ஸ்டிக்கை 1950இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய லிக்விட் மேட்டில் ஐசோடோடெக்கேன் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவம் இருக்கும். அது ஆவியானதும் நிறம் மெல்லிய படலமாக உதட்டோடு ஒட்டிவிடும். ஓரம் கோணினால் அந்தக் கோணலும் சேர்ந்தே ஒட்டும். தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு அசையும். எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்ட பிறகு உள்ளுதட்டில் வட்டமாகப் பிய்ந்து, வெளியே மட்டும் நிறம் நிற்பது இதனால்தான். கை பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் அவசரமில்லை.

டின்ட் என்பது தண்ணீர் மாதிரி இருந்து கறையாகப் பிடிப்பது. வேகமாகப் பரப்பாவிட்டால் முதலில் தொட்ட இடத்தில் திட்டு விழும். லிப் கிளாஸ் பளபளக்கும், காற்றில் முடியெல்லாம் வந்து ஒட்டும்.

கன்னத்துக்கு, எண்ணெய் வழியும் தோல் என்றால் பவுடர் பிளஷ், வறண்ட தோல் என்றால் கிரீம் பிளஷ். லிக்விட் பிளஷை அப்புறம் பார்க்கலாம். ஒரு சொட்டிலேயே அதில் அத்தனை நிறமி இருக்கும். அளவு பிடிபடும் வரை முகம் அடி வாங்கியது போலத்தான் தெரியும்.

ஷேட் தேர்வு: முதலில் அடர்த்தி, பிறகு சாயல்

இங்கேதான் நிதானம் வேண்டும். தோலின் அடிச்சாயல் நீலப் பக்கம் சாய்ந்த குளிர்ச்சித் தோலா, மஞ்சள் பக்கம் சாய்ந்த வெதுவெதுப்புத் தோலா என்று மணிக்கட்டு நரம்பின் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையை எல்லோரும் சொல்வார்கள். விளக்குக்கு விளக்கு நரம்பின் நிறம் மாறித் தெரியும், அடர்ந்த நிறத் தோலில் நரம்பே சரியாகத் தெரியாது. அதை நம்பி ஒரு ஷேடைத் தள்ளவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அதைவிட முக்கியம்.

கண்ணாடியில் கீழுதட்டை லேசாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அந்த நிறமோ அதற்கு ஒரு படி அடர்ந்த நிறமோ உங்களுக்கு இயல்பாகப் பொருந்தும். வேகமாக நடந்துவிட்டு வந்ததும் கன்னம் சிவக்கிறதே, பிளஷுக்கு அதுதான் குறி. மிக அடர்ந்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்படியானால் உள்ளுதட்டு நிறத்தையே கன்னத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிறமும் அதற்கு மேல் அடர்ந்த நிறமும் உள்ளவர்கள் வெளிர் பிங்க், வெளிர் பழுப்பு இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும். வெளிர் ஷேடுகளை உண்டாக்க டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியைச் சேர்க்கிறார்கள். மேலே பிங்க் தெரிந்தாலும் அடியில் இருப்பது வெள்ளை. அடர்ந்த தோலில் அது சுண்ணாம்பு பூசியது போல வெளிறிக் கிடக்கும். மலிவு வரிசைகளில் இந்த வெளிர் ஷேடுகளுக்குப் பஞ்சமே இல்லை, அடர்ந்த ஷேடுகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். செங்கல் நிறம், துருச்சிவப்பு, நாவல்பழ நிறம், அடர் ஆரஞ்சு இவையெல்லாம் டப்பாவில் பார்க்கும்போது மிரட்டும். கன்னத்தில் மெல்லிசாகப் பரப்பினால் ரத்த ஓட்டம் மாதிரிதான் தெரியும். வெளிர் தோல் உள்ளவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: அடர் ஷேட் ஒரு தொடுதலிலேயே அதிகமாகிவிடும், வெளிர் பீச்சும் பிங்கும் எளிது.

மேலுதடு கறுத்தும் கீழுதடு இளஞ்சிவப்பாகவும் இருப்பது பலருக்கு இயல்பு. அப்படி இருந்தால் ஊடுருவித் தெரியும் லிப்ஸ்டிக்கும் டின்ட்டும் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் காட்டும். நிறமி அதிகமுள்ள கிரீம் லிப்ஸ்டிக்கை எடுங்கள். இல்லையென்றால் உதட்டு நிறத்தில் ஒரு லிப் லைனர் (உதட்டோரம் வரையும் பென்சில்) வாங்கி இரண்டு உதட்டிலும் அடியில் நிரப்பிவிட்டு மேலே பூசுங்கள். லைனரும் மலிவு வரிசையில் நன்றாகவே கிடைக்கும்.

சாயலுக்கு வருவோம். அடர்த்தி முடிவான பிறகு அதே அடர்த்தியில் இரண்டு ஷேட் எடுங்கள். ஒன்று ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, இன்னொன்று ஊதாப் பக்கம் சாய்ந்தது. எதைப் பக்கத்தில் வைத்தால் முகம் தெளிவாகத் தெரிகிறதோ அதுதான் உங்களுடையது. இரண்டும் சேர்ந்தால் யோகம்.

பச்சையாகவோ கண்ணாடி மாதிரியோ இருந்து, உதட்டில் பட்டதும் பிங்க் ஆகும் லிப்ஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் உடலுக்கேற்ற தனி நிறம் வரும் என்று விற்பார்கள். டப்பாவில் நிறமில்லாமல் இருந்து, ஈரமும் தோலின் அமில நிலையும் பட்டதும் பிங்காக மாறும் சாயம் ஒன்று அதில் இருக்கிறது, வேறு மாயம் இல்லை. யார் பூசினாலும் ஏறக்குறைய அதே பிங்க்தான், சிலருக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். விளையாட்டுக்கு வாங்கலாம்.

கடையில் பார்க்கும் விதம்

பூசிப் பார்க்கக் கடையில் திறந்து வைத்திருக்கும் டெஸ்டரை நேராக உதட்டில் வைக்காதீர்கள். எத்தனை பேர் வாய் பட்டதோ. உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் கிருமி இப்படியும் தொற்றலாம். டிஷ்யூவால் மேலே துடைத்துவிட்டு விரல் நுனியின் உட்புறத்தில் தடவுங்கள். புறங்கையைவிட அந்த இடம் உதட்டின் நிறத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். விரலை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடி பாருங்கள். பிளஷ் என்றால் தாடையோரம் கொஞ்சம் தொட்டுப் பரப்புங்கள்.

பிறகு அப்படியே வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கின் கீழ் ஒரே மாதிரி தெரியும் இரண்டு சிவப்பு வெளியே வந்தால் வேறு வேறாகத் தெரிவது சாதாரணம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். சில ஷேட் காயக் காய அடர்த்தியாகும், சிலது ஆரஞ்சாகத் திரும்பும். கடைசியாக டிஷ்யூவால் துடையுங்கள். அடியில் பளிச்சென்று பிங்க் கறை நின்றால், மேலே எந்த நிறம் பூசினாலும் மாலையில் உங்கள் உதட்டில் மிஞ்சப்போவது அதுதான்.

டெஸ்டர் இல்லாமல் எல்லாம் ஒட்டி மூடியிருந்தால், மூடியின் நிறத்தை நம்ப வேண்டாம். அது அச்சிட்ட நிறம். உங்களை ஒத்த தோல் உள்ளவர் அதே ஷேட் பூசிய படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம்.

பின்பக்க எழுத்து

திறந்த டப்பா படம் ஒன்று போட்டு உள்ளே 12 அல்லது 24 என்று எண் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம் என்பதைச் சொல்வது அது. சேர்மானப் பட்டியலில் அதிகமாக இருப்பது முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். அதனால் ஏதோ பழச்சாறு, ஏதோ பூ எண்ணெய் என்று முன்பக்கம் பெரிதாக எழுதி, பின்பக்கம் பட்டியலின் கடைசியில் அதே பெயர் இருந்தால் அதற்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

சைவம் பார்ப்பவர்கள் கார்மைன் என்ற பெயரையோ 75470 என்ற எண்ணையோ தேடுங்கள். கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு அது. சிலருக்கு ஒவ்வாமையும் தரும். வாசனை சேர்த்த பொருள் உதட்டில் எரிச்சல் தந்தால் வாசனையில்லாததற்கு மாறுங்கள். புதிதாக எது வாங்கினாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போவது நல்லது.

மலிவு வேறு, போலி வேறு. பெயர் போன பிராண்டின் பொருள் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், சேர்மானமும் தயாரிப்பு எண்ணும் டப்பாவில் இல்லையென்றால், விட்டுவிடுங்கள். உதட்டுப் பொருட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் பரிந்துரைத்தது. முறையான நிறுவனங்கள் இந்த மாதிரி வரம்புகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. போலி செய்பவனுக்கு அந்தக் கவலை கிடையாது.

உதட்டில் பூசுவது

முகம் கழுவியதும் லிப் பாம் தடவிவிட்டு வேறு வேலை பாருங்கள். பத்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் மெதுவாக ஒத்தித் துடைத்தால் உரிந்த தோல் தானாக வந்துவிடும். பாமின் எண்ணெய் மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் லிப்ஸ்டிக் வழுக்கும்.

கீழுதட்டின் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். மேலுதட்டில் நடு வளைவின் இரண்டு முனைகளையும் முதலில் குறித்துக்கொண்டு வாய்க்கோடி நோக்கி இறங்குங்கள். குச்சியின் சரிந்த முகத்தை உதட்டோடு படுக்க வைத்து இழுத்தால் கோடு சீராக வரும். வாய்க்கோடிக்கு வரும்போது வாயைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள், அங்கே விட்டுப்போகும் இடைவெளிதான் பேசும்போது முதலில் கண்ணில் படும். டிஷ்யூவை உதட்டுக்கு நடுவில் வைத்து ஒரு முறை மூடித் திறந்து, மேலே இன்னொரு பூச்சு மெல்லிசாகக் கொடுங்கள். தடிமனாக ஒரே பூச்சு பூசுவதைவிட இது அதிக நேரம் நிற்கும். பல்லில் ஒட்டாமலிருக்க, சுத்தமான விரலை வாய்க்குள் வைத்து உதட்டைக் குவித்து வெளியே இழுங்கள். பல்லுக்குப் போக வேண்டியது விரலோடு வந்துவிடும்.

குச்சியிலிருந்து பூசினால் நிறம் கனமாக வருகிறது, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியது போல இருக்கிறது என்று தோன்றினால், மோதிர விரலால் தொட்டு நடுவில் மட்டும் தட்டித் தட்டி ஓரத்துக்குப் பரப்புங்கள். முதல் வாரம் இப்படியே பழகலாம். ஓரம் நேராக இருக்கிறதா என்ற கவலையே இருக்காது.

கன்னத்தில் பூசுவது

ஒரு வரிசை மட்டும் மறக்க வேண்டாம்: கிரீம், லிக்விட் முதலில், பவுடர் அப்புறம். பவுடர் போட்ட முகத்தின் மேல் கிரீம் பிளஷ் தேய்த்தால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் அது தோலில் படியச் சில நிமிடம் விடுங்கள், பிறகும் தேய்க்காமல் தட்டித்தான் பரப்ப வேண்டும்.

கிரீம் என்றால், விரலில் எடுத்ததை நேரே கன்னத்தில் வைக்காதீர்கள். புறங்கையில் வைத்துக் கொஞ்சம் குழைத்து, விரலில் மிஞ்சியதை எடுத்துக் கன்ன எலும்பின் மேல் மூன்று நான்கு இடத்தில் புள்ளி வையுங்கள். அங்கிருந்து காதுக்கு மேலுள்ள நெற்றியோரத்தை நோக்கி மேலே தட்டிக்கொண்டே போங்கள். மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொடங்கினால் சரியாக இருக்கும். சிரித்து, மேலெழும் கன்னச் சதையில் பூசச் சொல்வார்கள். சிரிப்பு நின்றதும் அந்த நிறம் கீழே இறங்கி நிற்கும். முகத்தைச் சாதாரணமாக வைத்தே பூசுங்கள்.

பவுடருக்கு, பிளஷ் டப்பாவோடு வரும் குட்டிப் பிரஷைத் தூக்கிப் போட்டுவிடலாம். மலிவுப் பிளஷின் மீது வரும் புகாரில் பாதி உண்மையில் அந்தப் பிரஷ் மீதான புகார். கெட்டியான முடி ஒரே இடத்தில் கோடு இழுத்துவிடும். மென்மையான, கொஞ்சம் அகலமான பிரஷ் ஒன்று தனியாக வாங்குங்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் இங்கே செலவழியுங்கள், எந்த பிளஷ் வாங்கினாலும் அது உதவும். பிரஷின் நுனியை பிளஷில் தொட்டு, டப்பாவின் ஓரத்தில் தட்டி, அதிகப்படித் தூளை உதறிவிட்டு, பெருக்குவது போல லேசாக மேல்நோக்கித் தள்ளுங்கள். ஒரு பக்கம் முடித்ததும் கண்ணாடியிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். உங்களை எதிரில் பார்ப்பவர்கள் அந்தத் தூரத்தில்தான் நிற்பார்கள். கூடிவிட்டது என்றால் பிளஷ் ஒட்டாத சுத்தமான பிரஷாலோ சுத்தமான விரலாலோ ஓரத்தை மட்டும் கலையுங்கள். சமப்படுத்துகிறேன் என்று அடுத்த கன்னத்தில் ஏற்றப் போனால் அதற்கு முடிவே இருக்காது.

கலைப்பதும் வைத்திருப்பதும்

லிக்விட் மேட்டைச் சோப்பும் தண்ணீரும் போட்டு அழுத்தித் தேய்த்தால் உதடுதான் புண்ணாகும். ஏதாவது ஒரு மென்மையான எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவி அரை நிமிடம் விட்டால் படலம் இளகி வந்துவிடும். பிறகு முகம் கழுவிக்கொள்ளலாம்.

வெயில் காலத்தில் லிப்ஸ்டிக் மேல் வியர்வை மாதிரி எண்ணெய் முத்துகள் நிற்பதுண்டு. சூட்டில் எண்ணெய் பிரிந்து மேலே வந்திருக்கிறது, கெட்டுப்போகவில்லை. குளிர்ந்த இடத்தில் வைத்துத் துடைத்துப் பூசலாம். காறிய எண்ணெய் வாசனை வந்தால், நிறம் திட்டாகப் பிரிந்தால், தூக்கிப் போடுங்கள். உதட்டுப் புண் வந்தபோது பூசிய லிப்ஸ்டிக்கையும் அப்படியே. பூசிப் பார்த்துப் பிடிக்காத லிப்ஸ்டிக்கைத் தோழிக்குத் தள்ளிவிட ஆசை வரும். நேராக உதட்டில் பட்டதென்றால் வேண்டாம்.

சேராத ஷேட் கையில் இருந்தால் எறியும் முன் ஒரு முயற்சி. வெளிறித் தெரிவதற்கு அடியில் ஒரு படி அடர்ந்த லைனரை நிரப்பிவிட்டு, நடுவில் மட்டும் இதை ஒத்துங்கள். மிக அடர்ந்ததை லிப் பாமோடு புறங்கையில் குழைத்து டின்ட் மாதிரி தட்டுங்கள். ஆரஞ்சாக அடிப்பதில் நாவல்பழ நிறம் ஒரு தொடுதல் கலந்தால் செங்கல் பக்கம் திரும்பிவிடும். பிளஷிலும் இதே கலப்பு நடக்கும். வெளிர் பிளஷுக்குக் கீழே கன்னத்தில் லிப்ஸ்டிக்கை மெல்லிசாக ஒத்திவிட்டு, அதன் மேல் அந்தத் தூளைத் தட்டுங்கள். வெளிறல் போய்விடும், நிறமும் கூடுதல் நேரம் பிடித்து நிற்கும்.